வெள்ளம் என்றால் ஃபிளட் இல்லை

நீங்கள் பொய் சொன்னீர்கள். மண்டபம் நிறையச் சனம் இருக்க, மேடையில் நின்று, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா அன்று. நீங்கள் சிறப்பு விருந்தினர். காப்புறுதியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினீர்கள். “எங்கடை சனத்துக்குப் படிவம் நிரப்பத் தெரியாது” என்று தொடங்கி ஒரு அம்மாவின் கதையைச் சொன்னீர்கள். வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்ததற்கு அந்த அம்மா ஃபிளட் வந்தது என்று சொல்லிவிட்டாராம். கொம்பனி கையை விரித்துவிட்டதாம். “தன்ரை வாயாலையே தன்ரை வீட்டைத் தாட்ட மனிசி” என்றீர்கள். சனம் சிரித்தது.

அந்த மனிசி உங்களுக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் இருந்தார். என் கணவரின் மூத்த அக்கா, எனக்கு மச்சாள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “அது நான்தானே?” என்று கேட்டார்.

அவர் ஃபிளட் என்று சொல்லவில்லை. ஃபிளட் என்று எழுதியது நான். அவர் சொன்னது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கையாலேயே அதை எழுதி வைத்திருந்தீர்கள். உங்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆனால் மண்டபத்தில் சிரித்தவர்களுக்குக் கதையின் மற்றப் பாதியும் தெரிய வேண்டும். ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் எண்பத்தெட்டில், ஊரில் யுத்தம் நடந்தபோது, சிட்னிக்கு வந்தேன். முதல் ஒன்பது வருடம் மருந்துப் போத்தல்களுக்கு லேபிள் ஒட்டும் தொழிற்சாலையில் நின்றேன். முழங்கால் நோகத் தொடங்கியபோது உங்கள் கந்தோரில் வேலை கிடைத்தது. வெண்ட்வேர்த்வில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில், பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை. நீங்கள் காப்புறுதிப் புறோக்கர். வீடு, கார், கடை எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் உங்களிடம்தான் பொலிசி எடுத்தார்கள். ரெலிபோன் எடுப்பதும், படிவம் அனுப்புவதும், ஃபைல் அடுக்குவதும் என் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதே எனக்குப் பெரிய சந்தோசம்.

மச்சாள் ரூங்காபியில் இருக்கிறார். கணவர் இல்லை. முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்து, தனி ஆளாக வாங்கிய வீடு. அது ஒரு சரிவில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு மேலே உயரத்தில் இன்னொரு றோட்டு.

ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை பின்னேரம் மழை அடித்தது. ஒரு கிழமை நெருப்பு வெயில், பிறகு முக்கால் மணித்தியாலம் வானம் பிய்ந்த மாதிரிக் கொட்டியது. நான் அன்றைக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவர மூன்று மணிக்கே வெளிக்கிட்டுவிட்டேன். மச்சாள் கந்தோருக்கு ரெலிபோன் அடித்தபோது எடுத்தது நீங்கள்.

சனிக்கிழமை காலை நான் படிவத்தோடு போனேன். குசினி அலுமாரிகள் எல்லாம் அமுக்கிய மரத்தூள் பலகை. தண்ணீர் குடித்து, பாண் மாதிரி ஊதிப்போய் இருந்தன. ஆழ்குளிர்ப் பெட்டி மல்லாந்து கிடந்தது. காப்பெற் மணத்தது. காய்ந்த கதிரை ஒன்றுதான் மிச்சம். அதில் என்னை இருத்திவிட்டு மச்சாள் நின்றுகொண்டு சொன்னார்.

“எழுது. பின்பக்கத்தாலை வெள்ளம் வந்திட்டுது. குசினிக்குள்ளை முழங்காலளவு வெள்ளம்.”

என்ன நடந்தது என்று விபரிக்கப் படிவத்தில் இரண்டே இரண்டு வரி. நான் அழகான எழுத்தில் எழுதினேன்: ஃபிளட் வீட்டினுள் புகுந்தது, குசினி சேதம். எங்கள் தெருவில் எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மச்சாள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று அவருக்கு நினைப்பு.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. “உங்கள் பொலிசியில் ஃபிளட் சேராது, ஆகவே எதுவும் தர முடியாது” என்று இருந்தது. வந்து பார்க்க ஒரு ஆளைக்கூட அனுப்பவில்லை. ஃபிளட் என்று வீட்டுக்காரரே எழுதியிருக்கும்போது எதற்கு ஆள்?

கடிதத்தை உங்களிடம் காட்டினேன். “பொலிசியிலை ஃபிளட் இல்லை. என்ன செய்யிறது? எடுக்கேக்கை வாசிச்சு எடுக்க வேணும்” என்றீர்கள். அவ்வளவுதான். அடுத்த ரெலிபோனை எடுத்துவிட்டீர்கள்.

எனக்குக் கொம்பனி மேல் கோபம். தமிழ்ப் பெயரைப் பார்த்துத்தான் மறுத்துவிட்டார்கள் என்று கோயிலிலும் கடையிலும் சொல்லித் திரிந்தேன். மாதக் கணக்காகச் சொன்னேன். மச்சாள் கராஜுக்குள் ஒரு காஸ் அடுப்பை வைத்து அங்கே சமைக்கத் தொடங்கினார்.

அந்த வருடம்தான் சட்டம் மாறியது. காப்புறுதி பற்றி வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்கிற எவரும் படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும் என்று வந்தது. நீங்கள் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டு வந்து என் மேசையில் போட்டீர்கள்.

“இதைப் பாஸ் பண்ணும். இல்லாட்டி ரெலிபோனிலை ‘ஐயா இல்லை’ எண்டு மட்டும்தான் நீர் சொல்லலாம்.”

“ஐயா இருந்தாலுமோ?”

“இருந்தாலும்தான்.”

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு ஒரு பரீட்சையும் எழுதியதில்லை. திட்டிக்கொண்டுதான் முதல் பக்கத்தைத் திறந்தேன். ஒரு கிழமையில் திட்டுவது நின்றுவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்துவிட்டது.

பிடித்தது சொற்கள்தான். ஆறு வருடமாக நான் ரைப் பண்ணிக்கொண்டிருந்த சொற்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு ஆள் இருந்து சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நட்ட ஈடு என்று ஒரு பாடம். நட்டம் நடப்பதற்கு முந்திய நிமிடத்தில் நீ எங்கே நின்றாயோ அங்கேயே உன்னைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவது. ஒரு அடி முன்னாலும் இல்லை, ஒரு அடி பின்னாலும் இல்லை. எங்களை யாராவது அப்படி நிறுத்தினால் எந்த நிமிடத்தில் நிறுத்துவார்கள்?

விலக்குகளின் பட்டியல் அதற்குப் பிறகு. யுத்தம், படையெடுப்பு, கிளர்ச்சி, உள்நாட்டுப் போர், அரசாங்கம் ஆதனத்தைப் பறித்தல். இவை எதற்கும் ஈடு கிடையாது. எங்கள் நாட்டின் சரித்திரப் புத்தகத்தின் பொருளடக்கத்தை யாரோ களவெடுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

இன்னொரு பாடம், பல காரணங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தால் எது தலைக் காரணம் என்பது. காற்று கூரை ஓட்டைக் கழற்றுகிறது. அதனால் மழை உள்ளே வருகிறது. அதனால் வயர் நனைகிறது. அதனால் தீப் பிடிக்கிறது. வீடு எதனால் அழிந்தது? நான் சாப்பாட்டு மேசையில் கணவரிடம் கேட்டேன். அவர் பருப்பைக் குழைத்துக்கொண்டே சொன்னார்:

“ஓட்டை ஒழுங்காப் போடாத மேசனாலை.”

அதுவும் ஒரு விடைதான். வேலைப் பிழை என்று ஒரு விலக்கு இருக்கிறது, ஒன்பதாம் பாடத்தில்.

ஐந்தாம் பாடம் புறோக்கரைப் பற்றியது. புறோக்கர் என்ற சொல்லை எங்கள் ஊரில் கலியாணத்துக்குத்தான் அதிகம் பாவிப்பார்கள். கலியாணப் புறோக்கர் மாப்பிள்ளை வீட்டுக்கும் வேலை செய்வார், பொம்பிளை வீட்டுக்கும் வேலை செய்வார், எல்லாவற்றுக்கும் மேலாகத் தனக்கு வேலை செய்வார். காப்புறுதிப் புறோக்கர் அப்படி இல்லையாம். அவர் வாடிக்கையாளரின் ஆள். கொம்பனியின் ஆள் இல்லை. வாடிக்கையாளருக்கு எது நல்லதோ அதைக் கவனமாகச் செய்ய வேண்டிய கடமை அவருக்கு உண்டு. நான் இந்த வரியின் கீழ் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அந்த நேரம் அது பரீட்சைக்காக.

படிக்கிற இடம் தமிழ்ப் பாடசாலை. சனிக்கிழமைகளில் மகளை வகுப்பில் விட்டுவிட்டு இரண்டரை மணித்தியாலம் யூக்கலிப்டஸ் மரத்தடி வாங்கில் இருப்பேன். பக்கத்தில் சென்னைக்காரப் பெண் ஒருவர் இருப்பார். அவருடைய மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. கொம்பியூட்டர் வேலை செய்கிறவர். சும்மா இருக்கத் தெரியாது. என் ஃபைலைப் பறித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்பார். நான் விடை சொல்ல வேண்டும்.

“ரெடியாங்க? ஏழாவது பாடம். இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணு ஃபிளட். இன்னொண்ணு ஸ்ரோம் வோட்டர்.”

“ரெண்டும் தண்ணி.”

“மார்க் இல்ல. புக்ல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க.”

நான் முதல் நாள்தான் வாசித்திருந்தேன். சொன்னேன். ஆறு, ஓடை, ஏரி, அணைக்கட்டு, இப்படி ஒன்று தன் கரையை மீறி வருகிற தண்ணீர்தான் ஃபிளட். மழை பெய்து, நிலத்தின் மேலால் ஓடி வருகிற தண்ணீர் ஸ்ரோம் வோட்டர். அநேகமான வீட்டுப் பொலிசிகளில் முதலாவது சேராது. இரண்டாவது சேரும்.

“சரியான விடை” என்றார் அவர்.

“ஆனா ரெண்டும் வெள்ளம்தானே. இங்கிலீஸ்காரருக்கு என்னத்துக்கு ரெண்டு சொல்லு?”

“ரெண்டும் எப்படிங்க வெள்ளமாகும்? வெள்ளம்னா ஆத்துல வர்றது. ஆறு கரைய உடைச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்தாதான் வெள்ளம். ரோட்ல ஓடறது மழைத் தண்ணி.”

“எங்கடை ஊரிலை அதுதான் வெள்ளம். முத்தத்திலை மழைத் தண்ணி நிண்டாலே ‘வெள்ளம் நிக்குது’ எண்டுதான் சொல்லுவம்.”

“எவ்ளோ தண்ணி?”

“கணுக்காலளவு.”

“கணுக்கால் அளவு தண்ணிக்கு வெள்ளமா?” அவர் சிரித்தார். “செருப்பு நனைஞ்சாலே ஊரைக் கூட்டுவீங்க போல.”

“கூட்டுவம். சின்னப்பிள்ளையள் வெள்ளத்துக்குள்ளை கப்பல் விடுவினம்.”

“அப்போ நெஜமாவே ஆறு பெருகி வந்தா அதுக்கு என்னங்க சொல்வீங்க?”

யோசித்துப் பார்த்தேன். என் ஊரில், பக்கத்து ஊரில், அம்மாவின் ஊரில். ஆறு என்று பெயர் வைத்த ஒன்று இருக்கிறது. அதுவும் மழை பெய்தால்தான் ஓடும். மற்றக் காலத்தில் மாடு மேயும்.

“எங்கடை ஊரிலை ஆறு இல்லை” என்றேன்.

“ஆறே இல்லையா?”

“இல்லை. கிணறுதான்.”

“ஆறே இல்லாத ஊர்ல வெள்ளம்னு ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு என்னங்க பண்றீங்க?”

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் எனக்கு மச்சாளின் குசினி கண் முன்னால் வந்தது. காய்ந்த கதிரை. இரண்டு வரி. என் அழகான எழுத்து.

ஆறில்லாத ஊரில் பிறந்தவர், றோட்டால் ஓடி வந்த மழைத் தண்ணீரை வெள்ளம் என்று மிகச் சரியாகச் சொன்னார். ஆறில்லாத ஊரில் பிறந்த நான், அகராதியில் வெள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இங்கிலீஸ் சொல்லை எடுத்து எழுதினேன். கொம்பனி அதை வாசித்து, ஓடை பெருகி வந்தது என்று விளங்கிக்கொண்டது. அவர்கள் தமிழ்ப் பெயரைப் பார்த்து மறுக்கவில்லை. என் சொல்லைப் பார்த்து மறுத்தார்கள். நான் மாதக் கணக்காகத் திட்டியது வேறு ஆட்களை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வீட்டுக்குப் போனேன். அவர் கராஜுக்குள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார்.

“பிழை என்ரை மச்சாள். ஃபிளட் எண்டு எழுதினது பிழை.”

“நான் வெள்ளம் எண்டுதானே சொன்னனான்?”

“ஓம். நீங்கள் சொன்னது சரி. இங்கிலீசிலை அதுக்கு ரெண்டு சொல்லு இருக்கு.”

“ஒண்டுக்குக் காசு, மற்றதுக்கு இல்லையோ?”

“ஓம்.”

“ரெண்டும் மேலை இருந்து வந்த தண்ணிதானே?”

இதற்கு ஃபைலில் விடை இல்லை.

“தண்ணி எங்காலை வந்தது, காட்டுங்கோ” என்றேன். அடுப்பை நிறுத்திவிட்டு வந்தார். இரண்டு பேரும் வளவைச் சுற்றினோம். பின் வேலிப் பலகையில் சேற்றுக் கோடு இன்னும் இருந்தது. வேலியின் மேல் றோட்டுப் பக்கம் புல்லும் இலையும் சிக்கிக் காய்ந்து கிடந்தன. வீட்டுப் பக்கம் ஒன்றும் இல்லை. வேலியைச் சுற்றி மேல் றோட்டுக்குப் போனோம். தண்ணீர் இறங்குகிற இரும்புத் தட்டி இலையால் அடைத்துப்போய் இருந்தது. அதிலிருந்து புல்லில் தண்ணீர் அறுத்த தடம் ஒன்று நேரே மச்சாளின் வேலிக்கு வந்தது. ஓடை இருப்பது மறுபக்கம், இரண்டு தெரு கீழே. ஓடைக் கரையில் வீடு வைத்திருக்கிற வயதான கிரேக்கர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். தன் தக்காளிப் பாத்தி வரைக்கும்கூட அன்றைக்கு ஓடை ஏறவில்லை என்று அவர் சொன்னார். எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். எழுதித் தந்தார். கூடவே ஒரு பை எலுமிச்சங்காயும் தந்தார்.

ஓடைக்குப் பக்கத்து வீடு காய்ந்து கிடந்திருக்கிறது. மேட்டில் இருக்கிற மச்சாளின் வீட்டில் முழங்காலளவு தண்ணீர். எந்த ஓடை ஐயா மேல் நோக்கிப் பாயும்? யாராவது வந்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் எழுதி, படமும் எடுத்து, கொம்பனிக்கு அனுப்பினோம். அவர்கள் மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஆள் அனுப்பிப் பார்த்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சம்பவத்தை முதன்முதல் அறிவித்தபோது அவர் சொன்னது எங்காவது பதிவாகியிருந்தால் அனுப்புங்கள், திரும்பப் பரிசீலிக்கிறோம்.

முதன்முதல் அறிவித்தது உங்களுக்கு. கந்தோரில் ரெலிபோன் கொப்பி ஒன்று இருந்தது. யார், எத்தனை மணிக்கு, என்ன விசயம் என்று ஒவ்வொரு அழைப்பையும் அதில் எழுத வேண்டும். அது நீங்களே போட்ட சட்டம். அலுமாரியில் இருந்து மாசி மாதக் கொப்பியை எடுத்தேன். அந்த வியாழக்கிழமை. மச்சாளின் பெயர். சரிந்து விழுகிற உங்கள் எழுத்து, தமிழில்: பின் றோட்டாலை மழை வெள்ளம். குசினி. படிவம் குடுக்க.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன். நினைவிருக்கும்.

“அண்ணை, இது உங்கடை எழுத்துத்தானே?”

“ஓம்.”

“பின் றோட்டாலை எண்டு போட்டிருக்கு.”

“ஓம். அதுக்கென்ன?”

“பிறகு படிவம் ஃபிளட் எண்டு வந்தது. பாத்தனீங்களோ?”

“அந்தக் கிழமை எத்தினை படிவம் வந்தது. ஆர் இருந்து வாசிச்சது? முத்திரை ஒட்டி அனுப்பினதுதான்.”

“இந்த ஒற்றையைப் பிரதி எடுத்து, ஒரு சின்னக் கடிதமும் வைச்சு அனுப்புவம். திரும்பப் பாப்பம் எண்டு சொல்லியிருக்கினம்.”

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். “ஏலாது. நான் அந்தப் படிவத்தோடை ஒரு கடிதம் வைச்சனான். அதிலை நானும் ஃபிளட் எண்டுதான் எழுதினனான். இப்ப மாத்திச் சொன்னா என்னைப் பற்றி என்ன நினைப்பாங்கள்? மற்றச் சனத்தின்ரை அலுவலும் அங்கைதானே போகுது.”

“இப்பத்தானே வாசிக்கேல்லை எண்டனீங்கள்.”

நீங்கள் கண்ணாடியைத் திரும்ப மாட்டினீர்கள்.

“வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்தானே, அண்ணை?”

“இருவது வருசம் இந்தத் தொழில். தெரியாமலோ? எழுதினது நீர். கையெழுத்து வைச்சது உம்மடை மச்சாள். நான் திருத்தினா அதுக்குப் பேர் மோசடி.”

“திருத்தச் சொல்லேல்லை. எங்காலை வந்த தண்ணி எண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். புறோக்கர் ஆரின்ரை ஆள்? அஞ்சாம் பாடத்திலை இருக்கு.”

“நீர் இன்னும் பரீட்சையே எழுதேல்லை. அதுக்குள்ளை எனக்குப் படிப்பிக்க வந்திட்டீர்.”

அடுத்த நாள் காலை அலுமாரியில் மாசி மாதக் கொப்பி இல்லை. தை இருந்தது, பங்குனி இருந்தது. முதல் நாளே அந்த ஒற்றையைக் கிழித்துக் கைப்பையில் வைத்திருக்கலாம். எனக்கு அது தோன்றியது. செய்யவில்லை. அந்தக் கிழமை நான் படித்துக்கொண்டிருந்த பாடத்தின் பெயர் அதியுயர் நல்லெண்ணம், இரண்டு பக்கமும் ஒன்றையும் ஒளிக்காமல் நேர்மையாக நடக்க வேண்டும் என்பது. அப்படிப்பட்ட மடச்சி நான்.

பரீட்சை பரமட்டாவில் நடந்தது. ஒரு மூன்றாம் மாடி அறையில் பன்னிரண்டு பேர். எல்லோரும் என்னைவிட இளையவர்கள். கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: ஒரு வாடிக்கையாளர் அழைத்து, வீட்டில் ஃபிளட் என்று சொல்கிறார். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? நான் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். மேற்பார்வை செய்த பெண் நிமிர்ந்து பார்த்தார். கொடுத்த இடம் ஐந்து வரி. நான் தாளின் பின்பக்கமும் எழுதினேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். அவர் எந்த ஊர், எந்த மொழி என்று பார்ப்பேன். அவருடைய மொழியில் என்ன சொல் சொன்னார் என்று கேட்டு, அந்தச் சொல்லையே எழுதி வைப்பேன்.

சித்தியடைந்தேன். மூன்று மாதம் கழித்து உங்கள் கந்தோரை விட்டு வேறு இடத்துக்குப் போனேன். அங்கே நட்ட ஈட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கிற வேலை. யார் தண்ணீர் என்று சொன்னாலும் என் முதல் கேள்வி அதுதான். எங்கிருந்து வந்தது? லெபனான்காரரிடமும் வியட்நாம்காரரிடமும் உங்கள் பாசையில் இதற்கு என்ன சொல் என்று கேட்பேன். முதலில் ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள், ஏதோ பொறி என்று நினைத்து. பிறகு சொல்வார்கள். ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கூரையால் வருவதற்கு ஒன்று, நிலத்தால் வருவதற்கு ஒன்று, கடலால் வருவதற்கு ஒன்று. எல்லோரையும் ஒரே பெட்டிக்குள் போட்டு ஃபிளட் என்று எழுதுகிற என்னைப் போன்ற ஒரு கெட்டிக்காரி ஒவ்வொரு தெருவிலும் இருப்பாள்.

மச்சாளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் கடிதமும் அந்த ஒற்றையும் இல்லாமல் கொம்பனி ஃபைலை மூடியது. முறைப்பாட்டுக் குழுவுக்கும் எழுதினோம். அவர்களும் அதே பதிவைத்தான் கேட்டார்கள். “விடு, எனக்கு அலுத்துப்போச்சு” என்றார் மச்சாள். பதினாலு மாதம் கராஜுக்குள் சமைத்தார். பிறகு யாரோ கழற்றிப் போட்ட பழைய அலுமாரிகளை என் கணவர் கொண்டு போய்ப் பூட்டிக் கொடுத்தார். கதவுகள் இரண்டு நிறம். அது பரவாயில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. யாராவது அந்தக் கதவுகளைப் பற்றிக் கேட்டால் மச்சாள் இன்றைக்கும், “நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்கிறார். பிழை என்னுடையது என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. படித்த மனிதர், இருபது வருடத் தொழில், நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு நினைப்பு. இப்போது மேடையில் வேறு சொல்லிவிட்டீர்கள்.

என் பிழையை இங்கே எழுதிவிட்டேன். என் பெயரைக் கேட்டால் அதையும் சொல்வேன். இனி உங்கள் முறை.

அடுத்த மாதம் பாடசாலையின் பொதுக்கூட்டம். அதே மண்டபம், அதே மைக். நிர்வாகத்திடம் உங்களுக்கு ஐந்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மாசி மாதக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். தொலைந்துவிட்டது என்றால் எப்படித் தொலைந்தது என்பதைச் சொல்லுங்கள். மச்சாளை அதே மூன்றாவது வரிசையில் கொண்டுவந்து இருத்துவேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் வர வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: அந்த வியாழக்கிழமை ரெலிபோனில் அவர் உங்களுக்குச் சொன்ன சொல் என்ன?